தொந்தரவுக்கு மன்னிக்கணும்

பஸ்ஸில் யாராவது டீச்சரின் காலை மிதித்துவிட்டால், மிதித்தவனிடம் டீச்சர்தான் மன்னிப்புக் கேட்பார். "அய்யோ, காலைக் கொண்டுபோயி நடுவுல வச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க தம்பி" என்று பதறுவார். மிதித்தவன் பேந்தப் பேந்த முழிப்பான். ஒருமுறை நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். தெப்பக்குளத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, "அந்தத் தம்பி செருப்பு அறுந்திருக்குமோ?" என்று என்னிடம் கேட்டார். "உங்க கால் வீங்கியிருக்கு டீச்சர், மொதல்ல அதைப் பாருங்க" என்றேன். உடனே எனக்கும் ஒரு மன்னிப்பு.

எங்கள் காம்பவுண்டு வண்டியூர்ப் பக்கம். ஒரே வாசல், ஒரே குழாய், எதிரெதிரே வரிசை வீடுகள். முன்வீட்டில் டீச்சரும், படுத்த படுக்கையாகிவிட்ட அவருடைய அம்மாவும். கடைசி வீட்டில் அண்ணன், மதினி, அவர்கள் மகள் பவித்ரா, கூட ஒட்டிக்கொண்ட நான். நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பம். பிழைப்புக்காக மதுரை வந்தவர்கள். டீச்சர் மாதா கோயில்காரர். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில், சுயநிதிப் பிரிவில் தமிழ் எடுத்தார். "பேருக்கு டீச்சர், சம்பளத்துக்கு ஆயா" என்று ஒருநாள் தன்னைப் பற்றிச் சொன்னவர், "ஆயாம்மாவைக் குறைச்சுப் பேசிட்டேனே" என்று அன்று முழுக்க அதற்கும் வருந்திக்கொண்டிருந்தார்.

கரண்டு போனால், "நான் இப்பத்தான் மிக்ஸி போட்டேன்" என்பார். மழை வந்து எங்கள் துணி நனைந்தால், "இன்னைக்குன்னு பார்த்து நான் குடை எடுக்காமப் போனேன், அதான்" என்பார். செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வாரம் தவறாமல் போய் நின்று, பங்குச் சாமியாரையே சலிக்க வைத்தவர். "டீச்சர், அடுத்த வாட்டி வரும்போது பாவம்னு ஏதாச்சும் ஒண்ணைப் பண்ணிட்டு வாங்க" என்று அவர் கேலி செய்ததை டீச்சரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்ததற்குக்கூட அவர் கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் குரல் இருக்கிறதே, அது வேறு ரகம். காலைப் பூசை முடிந்ததும் கோயில் குழாய் ஸ்பீக்கரில் அறிவிப்பு வாசிப்பவர் அவர்தான். யாருக்குத் திருமணம், யார் இறந்தார், அடக்கம் எப்போது என்று எல்லாம் அவர் குரலில்தான் எங்கள் பகுதிக்கு வந்து சேரும். ஊர் தூங்கும் நேரத்தில் ஸ்பீக்கர் போடுகிறோமே என்ற உறுத்தலில், எதைச் சொல்வதற்கு முன்பும் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்பார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். போர்வைக்குள் இருந்தபடியே நாங்கள் "பரவாயில்ல டீச்சர், சொல்லுங்க" என்போம். முக்கு டீக்கடை பாய், "டீச்சர் கேட்டுட்டுச் சொன்னா மவுத்தாப் போன சேதிகூட மெதுவா எறங்குது" என்பார். கோயில் பக்கமே போகாத எங்கள் ஆட்களுக்கும் அந்தக் குரல் வீட்டுக் குரல்தான்.

அந்தச் சமயத்தில் காம்பவுண்டில் ஒற்றைச் சம்பளத்தில் இருந்தவர் டீச்சர் மட்டும்தான். பகலில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் இருந்த நான், சாயங்காலமானால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஆப் சொல்கிற வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அண்ணன் இரும்புக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இன்னொரு ஆப் வழியாக அடுத்தவர் காரை ஓட்டப் போய்விடுவான். மதினி ரவிக்கை தைத்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு விற்பாள். ஆளாளுக்குப் போனை நோண்டிக்கொண்டே சம்பாதிப்பதை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். எனக்குத் தோதா ஏதாச்சும் ஆப் இருக்குமா?"

"உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தத் தலைவலி?" என்றாள் மதினி.

"அப்பா கல்லறைக்கு ஒரு கல்லு வைக்கணும்மா. நட்டு வச்ச மரச்சிலுவை உளுத்துப் போச்சு. கல்லறைத் திருநாளுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துறப்ப அப்பாவைப் பாக்கவே கூசுது. சம்பளம் அம்மா மருந்துக்கும் வாடகைக்குமே சரியாப் போகுது."

பவித்ரா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அவள்தான் தேடிப் பிடித்தாள், குரலை விற்கலாம் என்று. ஒரு ஆப்பில் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வேலை போடுவார்கள். நாம் வாசித்துப் பதிந்து அனுப்பினால் காசு வரும், நட்சத்திரமும் போடுவார்கள். டீச்சருக்குக் கணக்குத் திறந்து, போட்டோ ஏற்றி, மாதிரிக்கு ஒரு பத்தி பதிவு செய்து கொடுத்ததெல்லாம் அவள் கைதான். முதல் வேலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கும் குரல். அடுத்து ஒரு புடவைக் கடையின் ஆடித் தள்ளுபடி. டீச்சர் ஆடித் தள்ளுபடியை வாசித்த அழகுக்கு எனக்கே ஒரு சேலை வாங்க வேண்டும் போல இருந்தது.

பதிவு செய்வது பெரிய கூத்து. சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் வீடு வீடாக வருவார். "ஒரு பத்து நிமிசம் சத்தமில்லாம இருந்தா புண்ணியமாப் போகும், மன்னிச்சுக்கங்க." குழாயை மூடுவோம். அண்ணன் டிவியை அணைப்பான். குக்கரை இறக்கி வைத்துவிடுவாள் மதினி. தையல் மிஷினில் இருந்து காலை எடுத்துவிட்டு, பாதி தைத்த ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கட்டிலில் போர்வையை முழுசாகப் போர்த்திக்கொண்டு, உள்ளே போனும் கையுமாக டீச்சர் வாசிப்பார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "இனிமே அடிச்சு நொறுக்குங்க" என்பார். காம்பவுண்டு மறுபடி இரைய ஆரம்பிக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமையில் வாசித்ததுதான் அது. ஒரு கம்பெனி, போனில் ஆட்களை வரவேற்க ஒரு குரல் வேண்டும், அக்கம்பக்கத்து அக்கா பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. 'வீட்டில் இருந்தபடியே, கிடைக்கும் நேரத்தில் கூடுதல் வருமானம் பார்க்க விரும்புகிறீர்களா? ஒன்றை அழுத்துங்கள்.' இவ்வளவுதான் வாசகம். ஆரம்பத்தில் தன் வழக்கப்படி "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்பதை டீச்சராகச் சேர்த்துக்கொண்டார். கேட்காமல் சேர்த்துவிட்டோமே என்று அதற்கும் ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பினார். வேலை கொடுத்த ஆளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போனதாம். பேசிய காசு உடனே வந்தது, முழு நட்சத்திரமும் வந்தது. "இம்புட்டு நட்சத்திரமா போடுவாங்க?" என்று வெட்கத்தோடு எங்களிடம் காட்டினார். அந்த வாரமே கல் பட்டறைக்குப் போய், சேர்ந்த பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

வாசகத்தில் அவருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? வீட்டில் இருந்தபடி அவரே சம்பாதித்துக்கொண்டிருந்தாரே.

சில வாரம் கழித்து அந்தப் போன் மதினிக்கு வந்தது. முதல் வரியைக் கேட்டதுமே, அட, நம்ம டீச்சர் என்று ஒன்றை அழுத்திவிட்டாள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். வீடியோ பார்த்துப் பிடித்திருக்கிறது என்று அழுத்தினால் காசு. முதலில் வரவும் செய்தது. பிறகு பெரிய வேலைக்குப் பணம் கட்டிச் சேர வேண்டும் என்றார்கள். ரவிக்கை தைத்துத் தைத்து, பவித்ராவை நர்சிங் சேர்க்க என்று மதினி எடுத்து வைத்திருந்த பணம் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போனது. கடைசியில் ஒருநாள் குழுவும் இல்லை, பேசியவர்களும் இல்லை.

நாலு எட்டு வைத்தால் டீச்சர் வீடு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? நானும் மதினியிடம் கத்தினேன். அவள் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டா, 'நானே வந்து சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கம்மா'ன்னு ஒரு மணி நேரம் புலம்புவாக. பாவம், அவுகளை எதுக்குச் சங்கடப்படுத்தன்னு விட்டுட்டேன்."

மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அன்று, விஷயம் முழுசாகத் தெரியாமலே டீச்சர் காபியோடு வந்தார். வந்ததும், "மன்னிச்சுக்கம்மா, நான் முன்னாடியே வந்து பாத்திருக்கணும்" என்றார். பவித்ரா எழுந்து, மதினியின் போனில் தானாகப் பதிவாகியிருந்த அந்த அழைப்பைப் போட்டாள். கோபத்தில் போட்டாளா, தெரியட்டும் என்று போட்டாளா, எனக்குத் தெரியாது. *தொந்தரவுக்கு மன்னிக்கணும்.* ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு மற்றது.

டீச்சர் டம்ளரைக் கையில் வைத்தபடியே முழுசும் கேட்டார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்காமல் அவர் எங்கள் வீட்டிலிருந்து போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "என்னையும் கேசுல சேத்துக்கங்க" என்று நின்றாராம். அங்கிருந்த பெண் போலீஸ் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். டீக்கடை பாயிடம் சொன்னார். "விடுங்கம்மா, அல்லா பாத்துக்குவான்" என்று அவர் ஒரு டீயைக் கையில் கொடுத்தார். அண்ணனிடம் வந்தார். பணத்தைப் பறிகொடுத்த வீட்டின் ஆம்பளை அவன்; அவனே, "டீச்சர், கூறுகெட்டுப் போயி ஒண்ணை அமுக்குனது இவ. நீங்க எதுக்கு?" என்றான்.

கடைசியில் சாமியாரிடம் போனார். வந்ததும் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, வாராவாரம் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லுவாரு. இதுக்கு ஒண்ணுமே சொல்லலப்பா. தெரிஞ்சா பண்ணீங்க, போயி நிம்மதியா இருங்கன்னுட்டாரு."

"சரியாத்தான சொல்லியிருக்காரு" என்றேன். அவர் நகரவில்லை. நான் வேறு சும்மா இருக்காமல் சிரித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர். நீங்க எதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கல?" என்றேன்.

என்னை அப்படிப் பார்த்தார். "அதான் தம்பி வெனையாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டேன். துணியை உதறிப்போட்டுவிட்டு சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்த அம்மா அன்றைக்கு ஆறுதல் கேட்டு வரவில்லை. கணக்கில்லாமல் அள்ளி இறைத்த வார்த்தை, நிஜமாகத் தேவைப்பட்ட அன்று ஒருத்தரிடமும் செல்லவில்லை. நாங்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்து அவரை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தோம்.

மதினி மட்டும் எதுவும் சொல்லாமல் இருந்தாள். டீச்சர் குழாய்க்கு வந்தால் குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். கல்லூரி சேர்க்கை முடிந்துபோனது. பவித்ரா ஜவுளிக்கடை ஒன்றில் துணி மடிக்கப் போக ஆரம்பித்தாள். காலையில் அவள் கடைச் சீருடையில் கிளம்புவதை டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காம்பவுண்டே குழாயடியில் இருந்தது. டீச்சர் வந்தார். மதினி வழக்கம்போல எழுந்தாள். டீச்சர் வழியை மறித்து நின்று, "செல்வி, என்னை மன்னி..." என்று ஆரம்பித்தார்.

மதினி குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"ஆமா டீச்சர். உங்களாலதான். உங்க குரலைக் கேட்டுத்தான் அமுக்குனேன். வேற எவ பேசியிருந்தாலும் போடீன்னு வச்சிருப்பேன். நீங்க வாசிக்கிறப்ப நான் மிஷினை நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தேனே, அதுக்குக் கிடைச்ச கூலியா இது? எம்பிள்ளை கடையில நிக்கிறா. எனக்கு உங்க மேல கோவம்தான். போகாது."

"ஏய் செல்வி! யார்ட்ட என்ன பேசுற?" என்று அண்ணன் பாய்ந்து வந்தான். மற்ற பெண்களும், "டீச்சரைப் போயி இப்படியா?" என்று சத்தம் போட்டார்கள்.

டீச்சர் கையை உயர்த்தினார். வகுப்பில் அப்படித்தான் உயர்த்துவார் போல, எல்லோரும் அடங்கிவிட்டோம். "யாரும் அவளை வையாதீங்க. அம்புட்டுப் பேர்கிட்ட சொன்னேன். இவ ஒருத்திதான் காதுல வாங்கியிருக்கா."

விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் ஒரு கவரோடு வந்தார். கல் பட்டறையில் கொடுத்திருந்த முன்பணம். பெயர் வெட்ட ஆரம்பிப்பதற்குள் போய்க் கேட்டு, திரும்ப வாங்கி வைத்திருந்திருக்கிறார். கூடவே அந்தக் குரல் வேலையில் வந்த மிச்சமும். "முழுசும் அடையாது. ஆனா இது அதுல வந்த காசு. என்கிட்ட இருக்கக் கூடாது."

மதினி வேண்டாம் என்று சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். சினிமாவில் அப்படித்தானே வரும். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கவரை வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குக் கூசிப்போய்விட்டது. டீச்சரோ, பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நிமிர்ந்து மூச்சு விட்ட மாதிரி இருந்தார்.

"உங்க அப்பா கல்லறைக்கு?" என்று பவித்ரா மெதுவாகக் கேட்டாள்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்மா" என்றார் டீச்சர்.

அதன்பிறகு டீச்சர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கரண்டு போனால் மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு பேசாமல் இருந்தார். பஸ்ஸில் மிதித்தால் காலை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் அந்த முதல் வரி இல்லாமல், எடுத்த எடுப்பில் "மரண அறிவிப்பு" என்று தொடங்கினார். ஊரில் சிலர், "டீச்சருக்கு என்னமோ திமிரு வந்துருச்சு" என்றார்கள். விடிகாலையில் போர்வைக்குள் கிடந்து "பரவாயில்ல டீச்சர்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல இடமில்லாமல் நான் சும்மா கிடந்திருக்கிறேன்.

அவருடைய அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, தங்கச்சி இருக்கும் ஊருக்குக் கிளம்பினார். சாமான் ஏற்றிய வண்டி நிற்கும்போது புது நம்பரைக் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. இனிமே என் குரல் யாருக்கும் போன்ல வரக் கூடாது. நேர்ல பாத்தா பேசுவோம்" என்றார்.

மதினி வாசல்வரை வரவில்லை. உள்ளே மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

பவித்ரா அடுத்த வருஷம் நர்சிங் சேர்ந்துவிட்டாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரி. கொடியில் அவளுடைய வெள்ளைக் கோட்டு காயும்போது மதினி சில நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "டீச்சர் அப்பாவோட கல்லு இது" என்று ஒருநாள் சொன்னாள். கல்லறைத் திருநாள் வந்தால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகிறாள். மாரியம்மனைத் தவிர எந்தச் சாமியையும் கும்பிடத் தெரியாதவள், சாய்ந்து கிடக்கும் அந்த மரச்சிலுவைக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு வருகிறாள். கோபம் போய்விட்டதா என்று ஒருதரம் கேட்டேன். "கோவம் இருக்கு. வாங்கிட்டமேங்கிறதும் இருக்கு" என்றாள்.

போன வாரம், சாப்பாட்டு ஆர்டருக்காக வீட்டில் காத்திருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

*தொந்தரவுக்கு மன்னிக்கணும்.*

இத்தனை வருஷம் கழித்து அந்தக் களவாணிகள் இன்னும் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வைக்கப் போனேன். "வைக்காதீக, ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் மதினி. போட்டேன்.

*வீட்டில் இருந்தபடியே, கிடைக்கும் நேரத்தில்...*

மதினி மிஷினில் இருந்து காலை எடுத்தாள். குழாயடியில் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்து, மூடச் சொல்லிக் கையைக் காட்டினாள். மூடினார்கள். அந்தக் குரலை முழுசாகக் கேட்டாள். ஒன்றை அழுத்துங்கள் என்று சொல்லி முடித்துவிட்டு, யாரும் அழுத்தாததால் போன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

*தொந்தரவுக்கு மன்னிக்கணும்.*

அந்த ஒரு மூச்சு நிறுத்தம் வந்தது. மதினி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "சாப்பிட்டீகளா டீச்சர்?" என்று கேட்டாள்.